முப்பத்தாறாம் பல்

டாக்டர் உமையாள் எண்ணைச் சொல்வார்,
நான் அட்டையில் குறிப்பேன்.
பதினொன்று, சொத்தை. பன்னிரண்டு, உடைவு.
பதின்மூன்று, வேர் மட்டும்.
கண்ணாடி உள்ளே போகப் போக
அவர் குரல் இறங்கிக்கொண்டே வந்தது.
வயது இருபத்தாறு என்று எழுதியிருந்தேன்.
தப்பாக எழுதிவிட்டேனோ என்று
மறுபடி மேலே பார்த்தேன்.

பெயர் அடைக்கலராசு. ஊர் புதுவயல்.
அரிசி ஆலையில் இரவு லோடு.
கண்ணாடிச் சில்லு மாதிரி ஒரு கல்லாம்,
ஐஸ் என்கிறார்கள்.
கத்திரி வெயிலில், செக்காலை ரோட்டு மாடியில்,
அந்தப் பெயரைக் கேட்டு எனக்குத் தாகம் எடுத்தது.

முதல் வாரம் நாற்பது மூட்டை கூடுதலாக ஏற்றினான்.
மேஸ்திரி தோளில் தட்டினார்.
"பசிக்காதுக்கா. அலுக்காது.
உடம்புன்னு ஒண்ணு இருக்கிறதே தெரியாது."
இப்போது உடம்பைத் தவிர
வேறெதுவும் தெரியவில்லை அவனுக்கு.

எச்சில் வற்றிய வாய்.
நாக்கு அண்ணத்தை விட்டுப் பிரியும்போது
தாள் கிழிகிற சத்தம்.
முன்கை நெடுக அவனே தோண்டிய புண்கள்.
தவிட்டுப் பூச்சி தோலுக்குள் புகுந்துவிட்டதென்று
நகவெட்டியோடு விடிய விடிய உட்கார்ந்ததை
அவன் சொல்லவில்லை.
வாசலில் செருப்பைக் கழற்றாமல் நின்ற
நாகஜோதி சொன்னாள்.

வலி முப்பத்தாறில்.
பல்லே முப்பத்திரண்டுதானே என்பார்கள்,
எங்கள் கணக்கு வேறு:
கீழே, இடப்பக்கம், முதல் கடைவாய்.
பிடுங்க வேண்டும்.
ஊசிக்கு முன்னால் ஒரே கேள்வி.
"கடைசியா எப்ப எடுத்தே?"

"மூணு வாரமாச்சு டாக்டர்."

கருவி நூற்றெழுபதுக்கு நூற்றுப்பத்து என்றது.
நாடி நூற்று முப்பது.
தாடை, யாரும் கொடுக்காத எதையோ
அரைத்துக்கொண்டே இருந்தது.
"மரத்துப்போற மருந்தோட இன்னொண்ணும் இதுல கலந்திருக்கு.
நீ உள்ளே வச்சிருக்கிறதும் இதுவும் சேர்ந்தா
நெஞ்சு தாங்காது. பொய் சொன்னேன்னா
இந்த நாற்காலியிலயே..."
அவர் முடிக்கவில்லை.

பதினோரு வருடமாக இங்கே இருக்கிறேன்.
ரெண்டு வேளையும் தேய்க்கிறேன் என்பார்கள்,
புகையிலையா, தொட்டதே இல்லை என்பார்கள்.
சிரித்துக்கொண்டே எழுதிக்கொள்வேன்.
இந்தப் பொய்க்கு அட்டையில் கட்டம் இல்லை.

அவன் கதவைப் பார்த்தான். ஜன்னலைப் பார்த்தான்.
காற்றில் ஆடிய காலண்டரை
அதன் பின்னால் ஆள் இருப்பதுபோல் பார்த்தான்.
"கீழே அவங்க நிக்கிறாங்களா?"
கீழே ஒரு இளநீர் வண்டி நின்றது.

நாகஜோதி உள்ளே வந்தாள், செருப்போடுதான்.
"இன்னைக்கு விடியக்காலம். நாலு மணிக்கு.
கக்கூஸ்ல லைட்டர் சத்தம் கேட்டுச்சு."
சொல்லிவிட்டு அவன் தலையைப் பிடித்து
வயிற்றோடு அழுத்திக்கொண்டாள்,
அடிக்கவும் அணைக்கவும்
அவளிடம் அந்த ஒரு பிடிதான் இருந்தது போல.

அன்று பிடுங்கவில்லை.
மாத்திரை. சிவகங்கை பெரியாஸ்பத்திரிக்குச் சீட்டு,
மனநலப் பிரிவு என்பதன் கீழே
இரண்டு கோடு.
"வலியோட அனுப்புறீங்களே" என்று அழுதான்.
கண்ணீர் வந்தது,
எச்சில் வரவில்லை.
"ஒரு நாள் முழுசா எடுக்காம வா.
ஒரே ஒரு நாள். பல்லு என் பொறுப்பு."

வியாழன் பத்தரை என்று பென்சிலில் எழுதினேன்.
வழக்கமாகப் பேனாதான்.

வியாழன் நாகஜோதி மட்டும் வந்தாள்.
முப்பது மணி நேரமாகத் தூங்குகிறானாம்.
மூக்கில் விரல் வைத்து வைத்துப் பார்த்தாளாம்.
எழுப்பவா வேண்டாமா என்று கேட்க
பஸ் ஏறி வந்திருக்கிறாள்.
"எழுப்பித் தண்ணி குடு, எதையாவது ஊட்டு.
திரும்பத் தூங்கட்டும்.
எந்திரிச்சா ஆளு சிடுசிடுன்னு இருப்பான், பயப்படாதே.
சாகணும்னு பேசினா மட்டும்
அந்த நிமிஷமே சிவகங்கைக்கு வண்டி ஏறிடு" என்றார் டாக்டர்.

அவள் படியிறங்கும் சத்தம் நிற்கும்வரை
ரப்பரைக் கையில் வைத்திருந்தேன்.
பிறகு வியாழனை அழித்துச் சனி என்று எழுதினேன்.
அதையும் பென்சிலில்.